பேனலைப் படுக்கப் போட்டதில் கிடைத்த வாட்

என் மாடியில் இருப்பவை 330 வாட் சோலார் பேனல்கள் நான்கு, தொடர் இணைப்பில். கூட்டினால் 1320 வாட். ஆனால் உச்சி வெயிலில்கூட இன்வெர்ட்டர் திரை 900-ஐத் தாண்டவில்லை. காலை நேரத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பேனலைக் குறை சொல்வதற்கு முன் கணக்கைப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

330 என்பது ஆய்வகக் கணக்கு. சதுர மீட்டருக்கு 1000 வாட் வெளிச்சமும், செல்லில் (பேனலில் சதுரம் சதுரமாகத் தெரிவது) 25 டிகிரி வெப்பமும் இருந்தால்தான் அது வரும். நல்ல வெயிலில் செல் 60 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். டிகிரிக்கு 0.38 சதவீதம் குறையும் என்று என் பேனலின் விவரத்தாளில் போட்டிருந்தது. 35 டிகிரி கூடினால் 13 சதவீதம் போச்சு. ஆக, எனக்கு வரவேண்டியது 1150 வாட்டுக்குப் பக்கத்தில். அதற்கு மேல் ஆசைப்பட்டுப் பயனில்லை.

அளக்கும் நேரமும் முக்கியம். பேட்டரி நிறைந்துவிட்டால், சார்ஜ் ஏறுவதைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் தானாகவே பேனலிலிருந்து இழுப்பதைக் குறைத்துவிடும். அப்போது திரையில் தெரிவது பேனலின் திறமை அல்ல, வீட்டின் தேவை. அதனால் இஸ்திரிப் பெட்டியை ஓடவிட்டு அளந்தேன். அதிலேயே பாதிக் குழப்பம் தீர்ந்தது: மதியம் ஆயிரத்தைத் தாண்டியது.

காலைப் பிரச்சினைதான் மிச்சம். சூரியன் தாழ்வாக வரும் மாதங்களில் கைப்பிடிச் சுவரின் நிழல் பேனல்களின் அடிவிளிம்பில் ஒரு சாண் அகலத்துக்கு விழும். இவ்வளவு சின்ன நிழலா இப்படிச் செய்கிறது? ஒரு செல் அகலத்துக்கு அட்டையை வெட்டி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

என்னுடையது 72 செல் பேனல். குறுக்கே 6, நீளவாக்கில் 12. ஒரு பேனலின் நீளப் பக்க விளிம்பில் அட்டையை வைத்து 12 செல்லை மறைத்தேன். நான்கு பேனலுக்கும் சேர்த்து 140 வோல்ட் காட்டிய திரை 128-க்கு இறங்கி நின்றது. அதே அட்டையை அகலப் பக்கம் வைத்து 6 செல்லை மட்டும் மறைத்தேன். 103! மறைத்தது பாதி, இழந்தது மூன்று மடங்கு.

காரணம் பேனலுக்குள் இருக்கிறது. செல்கள் நீளவாக்கில் மூன்று குழுக்களாக ஓடுகின்றன, குழுவுக்கு ஒரு பைபாஸ் டயோடு. ஒரு குழுவில் ஒரு செல் முழுவதும் நிழலில் மாட்டினாலும் டயோடு அந்தக் குழுவையே ஓரங்கட்டி மின்னோட்டத்தை வேறு வழியில் விடும். நீளப் பக்க நிழல் ஒரு குழுவோடு போகும். அகலப் பக்க நிழல் மூன்றையும் பிடித்து முழுப் பேனலையும் முடக்கிவிடும். என் பேனல்களோ நான்குமே அகலப் பக்கம் கீழே இருக்க நிமிர்ந்து நின்றன, சுவர் நிழல் நான்கையும் ஒரே நேரத்தில் பிடித்தது.

அப்புறம் என்ன, ஸ்டாண்டை மாற்றி, நீளப் பக்கம் கீழே வரும்படி நான்கையும் படுக்கவாட்டில் போட்டோம். கிளாம்ப் எங்கே பிடிக்கலாம் என்பது பேனலுக்குப் பேனல் மாறும், தயாரிப்பாளரின் படத்தைப் பார்த்துத்தான் முடுக்க வேண்டும். இப்போது அதே நிழல் விழுந்தாலும் ஒவ்வொரு பேனலிலும் மூன்றில் இரண்டு பங்கு வேலை செய்கிறது. பாதிச் செல் வகைப் பேனல் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அதில் மேல்பாதியும் கீழ்பாதியும் தனித்தனியாக ஓடுகின்றன.

இன்னொன்று, மழைக்குப் பின் அடிச் சட்டத்தை ஒட்டிச் சேறு கோடு கட்டும். அதுவும் நிழல்தான். விடிகாலையில், கண்ணாடி சூடேறும் முன், ஈரத்துணியால் அந்தக் கோட்டை மட்டும் துடைத்தாலே போதும். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீரை அடிக்காதீர்கள், விரிசல் விடலாம்.

சாய்வுக் கோணத்தைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. நிலநடுக்கோட்டுப் பக்கம் பார்த்தபடி, ஊரின் அட்சரேகை அளவுக்குச் சாய்த்திருந்தால் சரி. பத்து டிகிரி தவறினாலும் நேர் வெயிலில் ஒன்றரை சதவீதம்தான் போகும். பேனல் வயர்களை இணைக்கும் கனெக்டர்களைத் தொட்டுப் பார்த்தது அதைவிட உபயோகமாக இருந்தது. ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தது, சரியாக அழுத்திப் பொருத்தாத முனை. மாற்றச் சொன்னேன். லோடு ஓடும்போது கனெக்டரைக் கழற்றக் கூடாது; டிசி மின்பொறி எளிதில் அணையாது.

இப்போது தெளிந்த நாட்களில் மதியம் 1100 தொடுகிறது. பேட்டரி சீக்கிரமே நிறைந்துவிடுவதால் தண்ணீர் மோட்டாரையும் வாஷிங் மெஷினையும் பதினொரு மணிக்கு மேல்தான் போடுகிறோம்.