வால்யூம் பட்டனை நம்பி மலை இறங்கினேன்

லேப்டாப் தேனியில் சர்வீஸுக்குப் போய், "பார்ட் வரலைண்ணே" என்ற பதிலோடு அங்கேயே கிடக்கிறது. கம்பத்திலும் குமுளியிலும் சில ஏலக்காய் வியாபாரிகளுக்கு பில், ஸ்டாக் கணக்கு பார்க்கும் சர்வர் என் பொறுப்பு. அதனால் ஆண்ட்ராய்டு போனிலேயே லினக்ஸ் கட்டளைகளைத் தட்டி ஓடவிடும் டெர்மக்ஸ் ஆப்பைப் போட்டேன். எஃப்-டிராய்டு என்ற இலவச ஆப் கடையிலிருந்து இறக்கி, தூரத்து கம்ப்யூட்டருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக சர்வருக்குள் நுழையும் வரை ஒரு தொந்தரவும் இல்லை.

வம்பு அப்புறம்தான். போன் கீபோர்டில் கண்ட்ரோலும் இல்லை, எஸ்கேப்பும் இல்லை. டெர்மக்ஸுக்குள் வால்யூம் குறைக்கும் பட்டன்தான் கண்ட்ரோல். அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு சி தட்டினால் ஓடுகிற புரோகிராம் நிற்கும். கூட்டும் பட்டனோடு ஈ சேர்ந்தால் எஸ்கேப். எஸ்கேப் தட்டாமல் வெளியேற முடியாத விஐ எடிட்டரில் மாட்டிக்கொண்டவர்களுக்கு உயிர்மூச்சு. அதே பட்டனோடு டபிள்யூ, ஏ, எஸ், டி நான்கும் அம்புக்குறிகள். கேம் ஆடுகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

இதையெல்லாம் மனப்பாடம் செய்துவிட்ட தெம்பில் குமுளியிலிருந்து பஸ் ஏறினேன். கொண்டை ஊசி வளைவில் போன் வந்தது. "தம்பி, ஒரே பில்லு ரெண்டு ரெண்டா போகுதுப்பா, பார்ட்டியெல்லாம் கூப்பிட்டு ஏசுறாங்க." பில் அனுப்பும் ஸ்கிரிப்ட் டெர்மக்ஸில் கண் முன்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் குமுளிக் கடைக்காரர் ஒருவரும் வாட்ஸ்அப்பில் கேட்க, மலையாளத்தில் ரெண்டு வரி பதில் போட்டுவிட்டுத் திரும்பினேன். வால்யூம் குறைப்பை அமுக்கி, சி இருக்க வேண்டிய இடத்தில் தட்டினால் திரையில் ஒரு மலையாள எழுத்து வந்து உட்காருகிறது. ஸ்கிரிப்ட் பாட்டுக்கு ஓடுகிறது. மறுபடி தட்டினால் இன்னொரு எழுத்து. எனக்கு வியர்த்துவிட்டது.

கீபோர்டு ஆங்கிலத்துக்கு மாறாமல் மலையாளத்திலேயே நின்றிருக்கிறது. டெர்மக்ஸுக்கு ஆங்கில எழுத்து வந்தால்தான் கண்ட்ரோல் கணக்கு. மலையாளமோ தமிழோ வந்தால் அப்படியே எழுத்தாக அனுப்பிவிடும். மூன்று மொழியில் தட்டுகிற எல்லைக்காரர்கள் முதலில் ஸ்பேஸ்பாரில் என்ன மொழி இருக்கிறது என்று பாருங்கள். மாற்றித் தட்டியதும் ஸ்கிரிப்ட் நின்றது. லோயர் கேம்ப் வந்து சேர்வதற்குள் பார்ட்டிகளின் ஏச்சும் நின்றது.

மலைப்பாதையில் சிக்னல் போய்ப் போய் வரும். சர்வரில் டீமக்ஸ் (tmux) என்ற புரோகிராமுக்குள் வேலையை ஓடவிட்டால் லைன் அறுந்தாலும் வேலை சாகாது. வேலையை ஓடவிட்டபடியே ஒழுங்காக வெளியேற வால்யூம் குறைப்போடு பி (b), பிறகு பட்டனை விட்டுவிட்டு 'டிடாச்'சின் (detach) முதல் எழுத்து.

பாட்டு கேட்டுக்கொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்று: டெர்மக்ஸ் திறந்திருக்கும்போது இந்தப் பட்டன்களால் சத்தம் குறையாது. கூட்டும் பட்டனோடு வி தட்டினால் வால்யூம் பட்டை வரும். பக்கத்து சீட்டுக்காரர் முறைப்பதற்கு முன்னால் தெரிந்திருந்தால் நல்லது.

சேமிக்கிற நினைப்பில் கண்ட்ரோல்-எஸ் தட்டிவிட்டால் வழக்கமான லினக்ஸ் டெர்மினலில் திரை உறைந்ததுபோல் நிற்கும், கண்ட்ரோல்-கியூ தட்டினால் மீளும்; டெர்மக்ஸில் அந்த உறைதல் அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது.