கண்ணிலிருந்து கைக்கு மாறிய சோதனை

2009 கிறிஸ்துமஸ் அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராய்ட் வந்த விமானத்தில் ஒருவன் உள்ளாடையில் மறைத்துவைத்த வெடிமருந்தைப் பற்றவைக்கப் பார்த்தான். தீப்பிடித்தது, வெடிக்கவில்லை. அந்த மருந்தில் உலோகம் கிடையாது. மெட்டல் டிடெக்டர் எப்படிக் கத்தும்? அமெரிக்க விமான நிலையங்களில் உடல் ஸ்கேனர்கள் மளமளவென்று பெருகியது அதற்குப் பிறகுதான்.

அப்போது இரண்டு வகை இருந்தன: ஒன்று எக்ஸ்ரே, மற்றது மில்லிமீட்டர் அலை என்ற ஒருவகை ரேடியோ அலை. இரண்டுமே ஆடைக்குள் இருக்கும் உடலைப் படமாக்கின. தனி அறையில் ஒருவர் அதைப் பார்த்து, வாசலில் நிற்பவருக்குச் சொல்வார். முகத்தை மறைத்தோமே என்றார்கள், யாருக்கு ஆறுதல்?

எதிர்த்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 2011 ஜூலையில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், காரணமற்ற சோதனையிலிருந்து மக்களைக் காக்கும் அரசியலமைப்பின் நான்காவது திருத்தத்தை ஸ்கேனர் மீறவில்லை என்றது. மக்களிடம் கருத்துக் கேட்காமல் கொண்டுவந்ததைத்தான் தவறென்றது. ஸ்கேனர் நிற்கவில்லை. நிஜமான மாற்றம் மென்பொருளால் வந்தது. படம் காட்டாமல், எல்லோருக்கும் ஒரே பொம்மை உருவத்தைக் காட்டி, சந்தேகமான இடத்தில் மட்டும் மஞ்சள் கட்டம் போடும் மென்பொருள் அது. அப்படிப் பொது உருவத்தையே காட்ட வேண்டும் என்று 2012-இல் சட்டம் வந்தது. எக்ஸ்ரே இயந்திரத்துக்கு அந்த மென்பொருளைக் கெடுவுக்குள் பொருத்த முடியவில்லை. 2013-இல் அவற்றை அகற்றிவிட்டார்கள்.

ஆனால் கட்டம் விழுந்தால் அந்த இடத்தைக் கையால் தடவித்தான் பார்ப்பார்கள். கண் செய்த வேலை கைக்குப் போனது, அவ்வளவுதான். வியர்வை, துணி மடிப்பு, தடித்த பின்னல், சட்டைப்பையில் மறந்த டிஷ்யூ எதற்கும் கட்டம் விழலாம். பழைய மென்பொருளில் ஆணா பெண்ணா என்று அதிகாரி பார்த்த பார்வையிலேயே பொத்தானை அழுத்துவார். அது தவறினால் மார்பிலோ தொடையிடுக்கிலோ கட்டம். திருநர்கள் இதில் பட்ட பாடு கொஞ்சமல்ல. அந்தப் பொத்தான் தேவைப்படாத மென்பொருள் 2023-இல்தான் பரவலாக வந்தது.

அமெரிக்க விமான நிலையத்தில் சட்டைப்பையில் காகிதம்கூட வைக்காதீர்கள். ஸ்கேனர் வேண்டாமென்றால் உள்ளே கால் வைக்குமுன் சொல்லிவிடுங்கள். பதிலுக்கு உடல் முழுக்கத் தடவிப் பார்ப்பார்கள். ஆனால் 2015 டிசம்பர் முதல் சிலருக்கு ஸ்கேனரையே கட்டாயமாக்கலாம். தடவுவது உங்கள் பாலினத்தவராகத்தான் இருக்க வேண்டும். தனி அறை கேட்கலாம், உடன் வந்தவரையும் அழைத்துக்கொள்ளலாம். அந்தரங்க இடங்களில் பெரும்பாலும் புறங்கைதான் படும். பிறகு கையில் துணி தேய்த்து வெடிமருந்துச் சோதனை. கிளிசரின் கலந்த லோஷன் பூசியிருந்தால் அதுவே மணியடிக்க வைக்கும். பிறகு இன்னொரு சுற்று.