பழைய அம்பாசிடருக்கு அதே ஹெட்லைட்டா, புதியதா?

என்னிடம் உள்ள 1971ஆம் ஆண்டு அம்பாசிடர் மார்க் 2 காரின் ஹெட்லைட்டுகளை மாற்றிவிடும்படி பார்ப்பவர்கள் எல்லாரும் அறிவுரை கூறுகிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. இரவில் நெடுஞ்சாலையில் எதிரே வரும் புதிய கார்களின் வெளிச்சத்தில், நம் விளக்கு எரிகிறதா என்றே ஐயம் வந்துவிடுகிறது. ஆயினும் அந்த மங்கலுக்கு விளக்குதான் காரணமா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

பெரும்பாலும் கோளாறு வயரிங்கில்தான் இருக்கும். பழைய அமைப்பில் ஹெட்லைட்டுக்கான மின்சாரம் முழுவதும் டாஷ்போர்டு ஸ்விட்சையும், காலால் மிதிக்கும் டிம்மர் ஸ்விட்சையும் கடந்துதான் பல்புக்கு வருகிறது. இத்தனை ஆண்டுகளில் அந்த இணைப்புகளில் களிம்பும், காரின் உடலோடு எர்த் வயர் பிடிக்கும் இடத்தில் துருவும் ஏறியிருக்கும். பல்பை எட்டும் மின்னழுத்தம் பத்து விழுக்காடு குறைந்தால், வெளிச்சம் ஏறத்தாழ முப்பது விழுக்காடு குறைந்துபோகும். எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, சிறு மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தை இயக்கும் ஸ்விட்சுகளான ரிலேக்கள் இரண்டை வைத்து, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேரே தடித்த வயர் இழுத்தாலே பழைய விளக்கு வேறு விளக்காகிவிடும். வெளியே பார்ப்பவர் கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாது என்பதால், எந்தப் பழைய காருக்கும் நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

அதன் பிறகும் வெளிச்சம் போதவில்லை என்றால், பல்பின் ஒளியை முன்னோக்கித் திருப்பும் குழிந்த தகடான ரிஃப்ளெக்டரைப் பார்க்க வேண்டும். கறுத்துப்போன ரிஃப்ளெக்டரைப் பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்த்தால், மிஞ்சியிருக்கும் மெல்லிய பூச்சும் போய்விடும். பம்பருக்குக் குரோம் போடுபவரிடம் கொடுப்பதும் தவறு. பளபளப்பாகத் தோன்றினாலும், குரோம் தன்மேல் விழும் ஒளியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். வெற்றிட முறையில் பூசப்படும் அலுமினியம் ஏறத்தாழ தொண்ணூறு விழுக்காட்டைத் திருப்பும். விளக்கின் முன்பக்கக் கண்ணாடி முழுதாக இருந்து ரிஃப்ளெக்டர் மட்டும் கெட்டிருந்தால், அந்தப் பூச்சுக்குச் செலவிடுவது வீணாகாது.

ரிஃப்ளெக்டர் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தாலோ, கண்ணாடி உடைந்திருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். நல்லவேளையாக, அம்பாசிடரின் ஏழு அங்குல வட்ட விளக்கு 1940இல் அமெரிக்காவில் பொது அளவாக்கப்பட்டு உலகெங்கும் பரவிய அளவு என்பதால், சென்னை புதுப்பேட்டையின் உதிரிபாகக் கடைகளில் தேடினாலே பொருந்தக்கூடியது கிடைத்துவிடும். பிரைட், டிம் இரண்டுக்கும் இழை கொண்ட எச்4 என்ற ஹாலோஜன் பல்பு போடும் கண்ணாடி விளக்கு என் தேர்வு. 60/55 வாட் பல்பே தாராளம். 100/90 வாட் பல்பு போட ஆசைப்படுபவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும்: ஓடும்போது காருக்கு மின்சாரம் தரும் அக்காலத்து லூகாஸ் சி40 டைனமோவின் உச்ச அளவு 22 ஆம்பியர், பிரைட்டில் அந்த இரண்டு பல்புகளே ஏறத்தாழ 17 ஆம்பியரை இழுத்துவிடும். வைப்பருக்கும் இக்னிஷனுக்கும் மிஞ்சுவது சொற்பமே. ஐரோப்பாவிலிருந்து விளக்கை வரவழைப்பவர்கள், அது இடப்பக்கப் போக்குவரத்துக்கானதா என்று கேட்டு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் டிம்மில் மேலெழும் ஒளி சாலை ஓரத்தில் விழாமல் எதிரே வருபவரின் கண்ணில் விழும்.

பழைய ரிஃப்ளெக்டருக்குள் எல்இடி பல்பைச் செருகுவதை நான் ஏற்பதில்லை. இழை இருக்கும் இடத்தையும் அதன் வடிவத்தையும் கணக்கிட்டே ரிஃப்ளெக்டரின் வளைவும் கண்ணாடியின் வரிகளும் அமைந்திருப்பதால், இழைக்குப் பதிலாக வேறொன்று வந்ததும் ஒளி சிதறிவிடும். காருக்குச் சற்று முன்னால் வெண்மையாகக் கொட்டுவதைப் பார்த்து வெளிச்சம் கூடிவிட்டதாக ஓட்டுபவர் நம்புவார், தூரத்துப் பள்ளமோ தெரியாது.

கழற்றிய பழைய விளக்குகளை எக்காரணம் கொண்டும் காயலான் கடைக்குப் போட்டுவிடக் கூடாது. ஐம்பது ஆண்டுகளைக் கடந்த கார்களை விண்டேஜ் வாகனமாகப் பதிவுசெய்ய 2021இல் வந்த விதிகள், கார் அதன் மூல வடிவில் இருக்க வேண்டும் என்கின்றன. கண்காட்சியில் மதிப்பிடுபவர்களும் முதலில் உற்றுப் பார்ப்பது முகப்பைத்தான். பழைய ஜோடியைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டால், தேவைப்படும்போது திரும்பவும் மாட்டிவிடலாம்.