நடுச்சுவரில் முளைத்த முள்

என் மூக்குக்குள் முள் போல ஒரு மேடு இருந்தது, ஆனால் அது மூக்கெலும்பில் இல்லை. மூக்கெலும்பு என்பது கண்ணாடி உட்காரும் இடத்தில் கைக்குத் தட்டுப்படுகிறதே, அவ்வளவுதான். இடமும் வலமுமாக இரண்டு சின்ன எலும்புகள். அதற்குக் கீழே நுனிவரைக்கும் பெரும்பாலும் குருத்தெலும்பு. என் தொல்லைக்கும் அந்த இரண்டுக்கும் சம்பந்தமில்லை. வெளியே மூக்கு நேராகத்தான் இருந்தது. இடது பக்கம் மட்டும் எந்நேரமும் அடைப்பு. உள்ளே காய்ந்து பொருக்குத் தட்டும், சீந்தினால் ரத்தக் கீற்று.

இ.என்.டி. மருத்துவர் மரத்துப்போகும் மருந்தை அடித்துவிட்டு எண்டோஸ்கோப் என்ற உள்நோக்கிக் குழாயை உள்ளே விட்டார். இரு துவாரங்களையும் பிரிக்கும் நடுச்சுவரிலிருந்து கூரான மேடு ஒன்று, அதுதான் முள், பக்கவாட்டில் நீண்டு, பக்கச் சுவரில் மடிப்பாகத் துருத்தியிருக்கும் கீழ் டர்பினேட்டில் முட்டிக்கொண்டு நின்றது. சிடி ஸ்கேனில் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

நடுச்சுவர் ஒரே துண்டு இல்லை என்பதே எனக்குப் புதுச் செய்தி. முன்னால் நாற்கோணக் குருத்தெலும்பு, பின்னால் மேலே எத்மாய்டு எலும்பின் தகடு, அதன் கீழே கலப்பைக் கொழு போன்ற வோமர் எலும்பு. அடியில் மேல்தாடை எலும்பின் வரப்பு. இவை ஒன்றோடொன்று பொருந்தும் இடத்தில்தான் முள் பெரும்பாலும் கிளம்புகிறது. அடிபட்டும் வரலாம், வளரும் வயதில் துண்டுகள் ஒத்துப்போகாமலும் வரலாம். முள்ளின் மேல் சவ்வு இழுபட்டு மெலிந்திருக்கும். காற்று அங்கே மோதி உலர்த்த உலர்த்தப் பொருக்கும் ரத்தமும்.

உடனே கத்தி இல்லை. முதலில் ஸ்டீராய்டு ஸ்ப்ரே, உப்பு நீர்க் கழுவல். ஸ்ப்ரேயால் எலும்பு கரையாதே என்று கேட்டேன். "கரையாது. சவ்வின் வீக்கம் வடிந்தாலே உங்களுக்குப் போதுமா என்று பார்க்கிறேன்" என்றார். முள் இருந்தும் ஒரு தொந்தரவும் இல்லாதவர்கள் நிறையப் பேராம். படத்தில் தெரிகிறது என்பதற்காக வெட்டாதவர் என்பதால்தான் அவரிடமே தொடர்ந்தேன். மருந்துக்கடையில் கிடைக்கும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை நாள்கணக்கில் விடாதீர்கள் என்றும் எச்சரித்தார். அதுவே பிறகு அடைப்பை உண்டாக்கிவிடும்.

ஸ்ப்ரே பாதிதான் உதவியது. நடுச்சுவரைச் சீர்செய்யும் அறுவைச் சிகிச்சையான செப்டோபிளாஸ்டிக்கு நாள் குறித்தோம். தலைவலியும் போகுமா என்றதற்கு உறுதி தரவில்லை. அடைப்புக்காகத்தான் செய்கிறோம் என்றார்.

முழு மயக்கம். துவாரத்துக்குள்ளேயே கீறி, சவ்வைத் தூக்கி, முள்ளை எடுத்துவிட்டுச் சவ்வைத் திரும்பப் படியவைக்கிறார்கள். வெளியே தழும்பு கிடையாது. வலியைவிட, இரு பக்கமும் வைத்த சிலிகான் தகடுகள்தான் படுத்தின. வாயால் மூச்சு விட்டு விட்டுத் தொண்டை வறண்டது, தூக்கம் போனது. தலையை உயர்த்திப் படுக்க வேண்டும், மூக்கைச் சீந்தக் கூடாது, தும்மினால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். மேல் முன்பற்கள் கொஞ்ச காலம் மரத்துக் கிடந்தன. அந்த வழியாகத்தான் அவற்றுக்கான நரம்பு போகிறதாம். வலியோடு அடைப்பு திடீரென்று கூடினால் காத்திருக்காமல் வரச் சொல்லியிருந்தார்கள். சவ்வுக்கடியில் ரத்தம் தேங்கினால் குருத்தெலும்பே அழிந்துவிடும்.

தகடுகளை உருவியபோது, இவ்வளவு நீளமானதா உள்ளே இருந்தது என்று மலைத்தேன். அதன்பின்னும் பல வாரம் உப்பு நீரும் பொருக்கு நீக்கலும் தொடர்ந்தன. இப்போது இடது பக்கம் காற்று தாராளமாகப் போகிறது. சில மணிநேரத்துக்கு ஒரு முறை இரு பக்கமும் மாறி மாறி லேசாக அடைப்பது எல்லா மூக்குக்கும் இயல்புதானாம். தலைவலி மட்டும் அவ்வப்போது வருகிறது. அதற்கு வேறு மருத்துவரைப் பார்க்கிறேன்.