அத்தையோட கைரேகையும் ஃப்ரிட்ஜுல ஒட்டுன நம்பரும்

பெத்தவங்களோட இருக்க முடியாத குழந்தைய தற்காலிகமா தன் வீட்டுல வச்சு வளக்குறவங்கள, கலிஃபோர்னியால இப்ப பேப்பர்ல ஃபோஸ்டர் பேரண்ட்னு போடுறதில்ல, ரிசோர்ஸ் ஃபேமிலின்னு தான் இருக்கும். 2017 ஜனவரியில இருந்து ஸ்டேட் முழுக்க இந்த முறை தான், முன்னாடி லைசென்ஸ் தனி, தத்தெடுக்க அப்ரூவல் தனி, சொந்தக்காரங்களுக்கு வேற ரூட்டுன்னு இருந்துச்சு, இப்ப சொந்த அக்கா பிள்ளைய வளக்கணும்னாலும் எல்லாருக்கும் ஒரே வழி.

நாங்களும் அதுக்கு அப்ளை பண்ணோம். முதல்ல லைவ் ஸ்கேன். வீட்டுல இருக்குற பெரியவங்க எல்லாரும் கைரேகை குடுக்கணும். எங்க அத்தைக்கு ரேகை சரியா விழாம ரெண்டு தடவ திரும்பி வந்துருச்சு, "இத்தன வருஷம் பாத்திரம் தேய்ச்ச கை, ரேகை எங்கடி இருக்கும்"னு அவங்க சிரிக்கிறாங்க, எனக்கு தான் வாரக்கணக்குல டென்ஷன். ட்ரெய்னிங் குறைஞ்சது 12 மணி நேரம், அது ஈஸி. வீட்டு செக்கிங்ல ஸ்மோக் அலாரம் எல்லாம் ஓகே, மருந்த பூட்டி வைக்க சொன்னாங்க, அத்தையோட மூட்டுவலி தைலம் உள்பட.

உண்மையிலயே ஆட்டங்காண வச்சது இன்டர்வியூ தான். என்னையும் எங்க வீட்டுக்காரரையும் தனித்தனியா உக்கார வச்சு, சின்ன வயசுல தப்பு பண்ணா வீட்டுல என்ன பண்ணுவாங்கன்னு கேட்டாங்க. நம்மள்ல அடி வாங்காம வளந்தவங்க யாரு சொல்லுங்க? பொய் சொல்லலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன், அப்புறம் ஸ்கேல், விளக்குமாறுன்னு எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஃபோஸ்டர் குழந்தை மேல கையே வைக்கக்கூடாது, அது இங்க ரூல், அதனால கோவம் வந்தா நீங்க என்ன செய்வீங்கன்னு தான் அடுத்த அரை மணி நேரமும் கேள்வி. வெளிய வந்து பாத்தா அவரும் அதே மூஞ்சியோட நிக்கிறாரு, அவரும் பெல்ட் கதைய சொல்லிட்டாராம்.

அப்ரூவல் வந்துச்சு, கொஞ்ச நாள்ல குழந்தையும் வந்துச்சு. கோர்ட் ரகசியம், அதனால குழந்தைய பத்தி எதுவும் சொல்ல மாட்டேன், ஃபோட்டோவும் கேக்காதீங்க.

அப்ரூவலோட முடிஞ்சுதுன்னு நெனச்சா அது தப்பு. மாசாமாசம் சோஷியல் ஒர்க்கர் வந்து குழந்தைகிட்ட தனியா பேசுவாங்க, ஆறு மாசத்துக்கு ஒரு தடவ கோர்ட்ல கேஸ எடுத்து பாப்பாங்க, குழந்தைக்கு என்னென்ன உரிமை இருக்குன்னும் சோஷியல் ஒர்க்கரே விளக்கி சொல்லணும். அப்படி சொன்ன அன்னிக்கு தான் ஸ்டேட் ஓம்புட்ஸ்பர்சன் நம்பர குடுத்தாங்க. குழந்தை அத நேரா கொண்டு போய் ஃப்ரிட்ஜுல மேக்னெட் வச்சு ஒட்டிருச்சு. யாரு நம்பர் இதுன்னு அத்தை கேட்டாங்க. நம்ம மேல புகார் குடுக்குற நம்பர் அத்தைன்னேன்.

"அப்படின்னா கீழ விழாம நல்லா ஒட்ட சொல்லு"ன்னாங்க.