மெக்காலே அன்று எங்கே இருந்தார்?

வார இதழுக்கு வரும் கட்டுரைகளைச் செப்பனிட்டு, தகவல்களைச் சரிபார்த்து அச்சுக்கு அனுப்புவது என் வேலை. பெயர் சரியா, ஆண்டு சரியா என்று நாள் முழுக்க இணையத்தில் துழாவிக்கொண்டே இருப்பவன். இணையம் நம் யோசனையைக் கூராக்குகிறதா, மழுங்கடிக்கிறதா என்று யார் கேட்டாலும் எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் அந்த மேசையில் கற்றதுதான்.

கல்வி பற்றிய ஒரு கட்டுரையில், இந்தியாவில் ஆங்கிலவழிக் கல்விக்கு வாதாடிய பிரிட்டிஷ் அதிகாரி மெக்காலேயின் மேற்கோள் வந்திருந்தது. உங்களுக்கும் வாட்ஸப்பில் வந்திருக்கும். “இந்தியாவின் குறுக்கும் நெடுக்கும் பயணம் செய்தேன், ஒரு பிச்சைக்காரனையோ திருடனையோ பார்க்கவில்லை, இந்த நாட்டின் முதுகெலும்பான பண்பாட்டை உடைக்காமல் இவர்களை வெல்ல முடியாது” என்ற பொருளில் ஓடும். 1835 பிப்ரவரி 2ஆம் தேதி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசியது என்று தேதியோடு இருக்கும்.

“செக் பண்ணிட்டேன் சார், எல்லா இடத்துலயும் இருக்கு” என்றார் புதிதாகச் சேர்ந்த உதவி ஆசிரியர். அவர் சொன்னது உண்மை. தேடினால் பக்கம் பக்கமாக வந்து விழுந்தது. எல்லாவற்றிலும் அதே வாக்கியம், அதே தேதி. ஆனால் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய பக்கங்கள் எத்தனை இருந்தாலும் சாட்சி ஒன்றுதானே.

“அன்னைக்கு அவர் எங்க இருந்தார்னு பாருங்க தம்பி” என்றேன்.

அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டுக்குள் அவரே எல்லாவற்றையும் தோண்டி எடுத்துவிட்டார். மெக்காலே 1834 ஜூனில் சென்னையில் வந்து இறங்கி, ஊட்டிக்குப் போய் கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைச் சந்தித்து, பிறகு கல்கத்தா சென்றவர். இந்தியாவுக்குக் கிளம்பும் முன்பே லீட்ஸ் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் பதவியை விட்டுவிட்டார். கப்பல் பயணமே மாதக்கணக்கில் ஆன காலம் அது. போதாக்குறைக்கு, 1835 பிப்ரவரி 2 அன்று லண்டனில் நாடாளுமன்றமே கூடவில்லை. அங்கே பொதுத் தேர்தல் நடந்துகொண்டிருந்தது. புதிய அவை கூடியது 19ஆம் தேதிதான். அந்த பிப்ரவரி 2, இந்தியர்களுக்கு எந்தக் கல்வி தருவது என்று அவர் அரசுக்கு எழுதிய புகழ்பெற்ற கல்விக் குறிப்பின் தேதி. அதை எழுதியது இந்தியாவில் இருந்துகொண்டு.

அந்தக் குறிப்பு முழுவதும் இணையத்தில் கிடைக்கிறது. நல்லதொரு ஐரோப்பிய நூலகத்தின் ஒரே ஓர் அடுக்கு இந்தியா, அரேபியாவின் மொத்த இலக்கியத்துக்கும் ஈடாகும் என்ற வரி அதில் நிஜமாகவே இருக்கிறது. தனக்குச் சமஸ்கிருதமும் தெரியாது, அரபியும் தெரியாது என்று அதே குறிப்பில் அவரே சொல்லிக்கொள்கிறார். இதைவிடக் கடுமையாக ஒரு போலி மேற்கோள் என்ன சொல்லிவிட முடியும்? கட்டுரையாளரிடம் பேசி, போலியை எடுத்துவிட்டு இந்த வரிகளைப் போட்டோம். கட்டுரையின் வாதம் இன்னும் உறுதியானது.

இணையம் இல்லாத நாளில் இது நடந்திருக்காது. கன்னிமாரா நூலகத்துக்கு ஆள் அனுப்பி, 1835ஆம் ஆண்டு நாடாளுமன்றப் பதிவுகள் அங்கே இருந்து, அவரும் அதைத் தேடிப் பிடித்துக்கொண்டு திரும்புவதற்குள் இதழே கடைக்குப் போயிருக்கும். சந்தேகம் வந்தால் வரியை வெட்டுவோம், வராவிட்டால் அப்படியே போகும். இன்று லண்டன் அவையின் பழைய பதிவுகளை என் மேசையிலிருந்தே புரட்டுகிறேன். சிந்திப்பதற்கு இப்படி ஒரு வசதி எனக்கு முந்தைய தலைமுறை ஆசிரியர்கள் யாருக்கும் வாய்க்கவில்லை. இதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால் அன்று அவர் எங்கே இருந்தார் என்ற கேள்வி எனக்கு எங்கிருந்து வந்தது? கல்விக் குறிப்பின் தேதி என் தலைக்குள் கிடந்தது. அதனால்தான் மேற்கோளில் அதே தேதியைப் பார்த்ததும் உறுத்தியது. அது தெரியாதிருந்தால் நானும் மேற்கோளைத்தான் தேடியிருப்பேன், மேற்கோள்தான் கிடைத்திருக்கும். “எல்லாம் நெட்டில் இருக்கே, எதுக்கு மனசுல வெச்சுக்கணும்” என்ற பேச்சு எனக்குக் கவலை தருவது இதனால்தான். தலையில் ஒன்றும் இல்லாமல் தேடப் போனால் எதுவுமே உறுத்தாது. போதாததற்கு, தெரிந்துவிட்டது என்ற நினைப்பும் சேர்ந்துவிடுகிறது. 2015இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். சில விளக்கங்களை இணையத்தில் தேடிப் படித்தவர்கள், அதற்குத் தொடர்பே இல்லாத கேள்விகளுக்கும் தங்களால் நன்றாக விளக்கம் சொல்ல முடியும் என்று நம்பினார்களாம்.

ஸ்டான்ஃபோர்டு ஆய்வு ஒன்று என் தொழிலைத் தொட்டது. 2017இல் வெளியானது. வரலாற்று அறிஞர்கள் 10 பேர், தகவல் சரிபார்ப்பவர்கள் 10 பேர், மாணவர்கள் 25 பேரிடம் சில இணையதளங்களைக் காட்டி, எது நம்பகமானது என்று கேட்டிருக்கிறார்கள். படித்த வரலாற்றாளர்களிலேயே பலர் தளத்தின் பெயரையும் சின்னத்தையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்களோ அந்தப் பக்கத்தில் தங்கவே இல்லை. உடனே வேறு பக்கங்களைத் திறந்து, இதை நடத்துவது யார் என்று விசாரித்தார்கள். அக்கம்பக்கத்தில் விசாரிக்காமல் பெண் கொடுக்காத ஊர் நம்முடையது. இந்தப் பழக்கம் நமக்கு வராமல் போகாது.

இப்போது தேடல் பக்கத்தின் உச்சியிலேயே செயற்கை நுண்ணறிவு பதிலைத் தொகுத்துக் கொடுத்துவிடுகிறது. எங்கள் டெஸ்க்கில் அதைத் தடை செய்யவில்லை. தேடுவதற்கு முன் அந்த விஷயத்தில் தனக்கு ஏற்கெனவே தெரிந்த தேதி, இடம், ஆள் மூன்றையும் கட்டுரைப் பிரதியின் ஓரத்தில் எழுதிவிட வேண்டும், தெரியாததற்குக் கோடு போட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பக்கம் முடிக்கும் நாளில் சிலர் முணுமுணுக்கிறார்கள். நேரம் இழுக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் விடுவதாயில்லை.