நல்லா ஓடுற ராக்கெட்டை விட்டு ஏன் ஓடணும்?

எனக்குத் தொழில் லிஃப்ட் பராமரிப்பு. கயிறே அறுந்தாலும் பெட்டியைக் கவ்விப் பிடிக்க சேஃப்டி கியர் என்று ஒன்று உண்டு. ஒரு கோளாறும் இல்லாத லிஃப்டைக் கீழே ஓடவிட்டு, வேகம் மீறினால் அதைத் தட்டிவிடும் கவர்னரைக் கையால் டிரிப் பண்ணித்தான் அதைச் சோதிப்போம். பெட்டி கடக்கென்று நிற்கும். பெட்டி ஓடும் தண்டவாளமான கைடு ரெயிலில் பதிந்த பல் தடத்தை அப்புறம் அரம் போட்டுத் தேய்க்க வேண்டும்.

அதனாலோ என்னவோ, 2023 அக்டோபர் 21 அன்று மனிதர்களை விண்வெளிக்கு அனுப்பும் இந்தியத் திட்டமான ககன்யானின் டிவி-டி1 சோதனையை, அதாவது ராக்கெட்டில் கோளாறு வந்தால் வீரர்கள் இருக்கும் பெட்டி தப்பிக்குமா என்ற சோதனையைப் பார்த்தபோது சொந்த வேலையைப் பார்க்கிற மாதிரியே இருந்தது. எட்டு மணி என்றார்கள். வானிலை சரியில்லை என்று 8.45 ஆயிற்று. கவுண்ட்டவுனில் ஐந்து வினாடி மிச்சம் இருக்கும்போது கம்ப்யூட்டரே நிறுத்திவிட்டது.

"ஊத்திக்கிச்சாண்ணே?" என்றான் என்னோடு வேலை பார்க்கும் பையன்.

"இல்லடா, அது அது வேலையைச் செஞ்சிருக்கு" என்றேன். எங்கள் தொழிலில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காததுதான் பயம்.

பத்து மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. திரவ எரிபொருளில் ஓடும் ஒரே ஒரு விகாஸ் எஞ்சின். சுமார் 12 கிலோமீட்டர் உயரம், ஒலியைவிடக் கொஞ்சம் கூடுதல் வேகம். காற்று முகத்தில் அறைகிற அந்த நேரம் பார்த்துத்தான் தப்பிக்கச் சொன்னார்கள். ராக்கெட் முனையில் இருக்கும் தப்பிக்கும் கருவியின் மோட்டார்கள் திட எரிபொருள் வகை. பம்பு சுற்றி வேகம் பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம், பற்றியதுமே முழு இழுப்பு. அந்தக் கருவி ராக்கெட்டைக் கழற்றிவிட்டு ஆளில்லாத பெட்டியை மேலே இழுத்துப்போய், ஏறக்குறைய 17 கிலோமீட்டரில் விட்டது. அப்புறம் பாராசூட்டுகள், கரையிலிருந்து பத்து கிலோமீட்டரில் கடல்.

1965 மே மாதம் அமெரிக்காவில் அப்போலோவுக்காக இதே மாதிரி சோதித்தபோது, லிட்டில் ஜோ-2 ராக்கெட் நிஜமாகவே கட்டுப்பாடு இழந்து சுழன்று உடைந்தது. தப்பிக்கும் கருவி பெட்டியை இழுத்து வந்து பத்திரமாக இறக்கியது. ராக்கெட் தோல்வி, சோதனை வெற்றி! அந்த மாதிரி சோதனை கேட்டாலும் கிடைக்காது.

எனக்கு உறுத்தியது கடைசிக் காட்சிதான். கடற்படையினர் போய்ப் பார்த்தபோது பெட்டி தலைகுப்புற மிதந்துகொண்டிருந்தது. தானாக நிமிரும் ஏற்பாடு இதில் வைக்கவில்லை, அடுத்ததில் வைப்பதாகச் சொன்னார்கள்.

"உள்ள ஆள் இருந்திருந்தா தலைகீழா தொங்கியிருப்பாங்களாண்ணே?"

"வார் போட்டுக் கட்டியிருப்பாங்கடா" என்றேன். அவன் முகம் தெளியவில்லை. எனக்கும்தான்.